அவசரம் லேது

கடவுளுக்குத் தெலுங்கு தெரியாது என்று நான் ரொம்ப வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்க வேண்டாம். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. தானாகவே வந்து மனசில் உட்கார்ந்துகொண்டது. எங்கள் நைனா, அதாவது அப்பா, ஜெபம் பண்ணியது தமிழில். சித்தூரில் எங்கள் கோயிலில் பாட்டு, பிரசங்கம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை எல்லாமே தமிழ். கோயில் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் தெலுங்கு. மண்டல ஆபீஸ் தெலுங்கு, மார்க்கெட் தெலுங்கு, கரண்ட் பில் தெலுங்கு, போலீஸ்காரர் திட்டினால் அதுவும் தெலுங்கு. ஆகையால் பரலோகம் தமிழுக்கு, பூலோகம் தெலுங்குக்கு என்று நானாக ஒரு பாகப்பிரிவினை பண்ணி வைத்திருந்தேன்.

இதை வாசிக்கிற சபை ஜனங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பெயர் சொன்னால் தெரியாது, மைக் ஜான் என்றால் தெரியும். கன்வென்ஷன் கூட்டமோ கல்யாணமோ, மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிபயர் பெட்டிக்கு மேல் ஒரு தொப்பை சாய்ந்திருந்தால் அது நான்தான். இருபது வருஷத்துக்கு மேலாக அடுத்தவர்கள் பேச மைக் வைத்துக் கொடுத்தவன். எப்படிப் பேச வேண்டும் என்று மேடை ஏறுகிறவர்களுக்கு இலவசமாக ஆலோசனையும் சொல்லுவேன். "கடைசி வரிசையப் பாத்து பேசுங்க சார், பயம் போயிடும்." ஆனால் என் வாயிலிருந்து மைக்குக்குள் போனது "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" மட்டும். ஃபோர் சொல்ல வேண்டி வந்தால் முட்டி ஆடும்.

கீழே இருந்தால் நான் புலி. யாரையும் விடமாட்டேன். மாப்பிள்ளையின் தலைமுடி, பாடகரின் சுருதி, பந்தியில் மூன்றாவது தடவை உட்காருகிற பெரியப்பா, எல்லாரையும் கிண்டல் பண்ணுவேன். அந்தக் கிண்டல்தான் என்னை மாட்டிவிட்டது.

பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் ஊர். அங்கே அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் என் கடைசிப் பெண் படிக்கிறாள். பேரெண்ட்ஸ் கமிட்டிக்குச் சேர்மன் தேர்ந்தெடுக்கிற அன்று நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். "யாரு நிக்கிறீங்க?" என்று கேட்டபோது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "நான் நிக்கிறேன் சார், உக்கார நாற்காலி இல்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். கை தட்டினதும் ஹெட்மாஸ்டர் என் பெயரை எழுதிவிட்டார். ஒரு ஜோக்கு எனக்குப் பதவியாக வந்து சேர்ந்தது.

அதே பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவள் என் சொந்த அக்கா. எலிசபெத். ஊரில் எலிசம்மா. மாமா இறந்துபோன பிறகு அந்தச் சமையல் வேலைதான் அவளுக்குச் சோறு. முதல் வருஷம் அவள் கையால் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று சில வீடுகளில் பிள்ளைகளுக்கு டப்பா கட்டி அனுப்பினார்கள். காரணத்தை நான் எழுத வேண்டாம், நமக்குத் தெரியும்.  அக்கா பருப்பில் பூண்டைத் தட்டிப் போட்டாள். வாசனை வகுப்பு வகுப்பாகப் போனது. அடுத்த வருஷம் டப்பாக்கள் நின்றுவிட்டன.

போன வருஷம் செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்துப் பழைய ஆம்ப்ளிபயர் கூவுகிறது என்று கூப்பிட்டார்கள். காலையிலேயே போய்ப் பிரித்துப் போட்டேன். மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு, முட்டைக் குழம்பு. வெட்கப்படாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் கங்காதர நெல்லூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு செட் போடக் கிளம்பிவிட்டேன்.

பெட்டியை இறக்குவதற்குள் போன் வந்தது. என் சம்சாரம் சுகிர்தா. "மாமா, இஸ்கூல்ல புள்ளைங்க வாந்தி எடுக்குதாம். அக்கா சமையல்தான்னு கத்திக்கினு கீறாங்க. நீ வா."

என் பெண் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சுருண்டு விழுந்திருந்தார்கள். ஆட்டோவிலும் பைக்கிலும் சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ராத்திரிக்குள் பல பேருக்குச் சரியாகிவிட்டது. ரமணய்யாவின் மகளுக்கு மட்டும் நிற்கவில்லை. ஏழாம் வகுப்புப் பெண். வாந்தி, வயிற்றுப்போக்கு, கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. அவளைத் திருப்பதிக்கு அனுப்பினார்கள்.

ரமணய்யா கெட்ட மனுஷன் இல்லை. மாந்தோப்புக் குத்தகை எடுத்துப் பாடுபடுகிறவர். ஒரே மகள். ஆம்புலன்ஸ் கிளம்பும்போது என் அக்காவைப் பார்த்து அவர் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். அக்கா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. சனிக்கிழமை மீட்டிங். மண்டலக் கல்வி அதிகாரி அம்மா நேரில் வருகிறார். எலிசம்மாவைச் சமையலிலிருந்து நீக்கவும், அவள்மேல் போலீசில் புகார் கொடுக்கவும் தீர்மானம். தீர்மானத்தைக் கமிட்டி சேர்மன் மேடை ஏறிப் பேசி, கூட்டத்துக்கு முன்வைக்க வேண்டும்.

சேர்மன் யார்? நாற்காலி இல்லாமல் நின்றவன்.

"நானும் அதே சோறுதான் துன்னேன், எனக்கு ஒண்ணும் ஆவல" என்று டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன். "உன் வயிறு கல்லு, நீ ஒயரத் துன்னாலும் செமிக்கும்" என்றார்கள். சிரித்தார்கள்.  இத்தனை வருஷமாக விளையாட்டாகவே பேசினவன் ஒரு நாள் நிஜத்தைச் சொன்னால் எவன் நம்புவான்? நானே அந்தக் கிண்டல் கூண்டைக் கட்டி, உள்ளே இருந்து பூட்டிச் சாவியையும் தொலைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பார்க்கத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். வழியில் பேச்சைத் தயார் பண்ணலாம் என்று திட்டம். எனக்குத் தெலுங்கு பேசத் தெரியும், எழுதப் படிக்க வராது. படித்தது தமிழ் மீடியம். பேசத் தெரியும் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பேரம் பேசுகிற தெலுங்கு எனக்குத் தெரியும். சண்டைத் தெலுங்கு இன்னும் நன்றாகத் தெரியும். மீட்டிங் தெலுங்கு வேறு. அதில் எல்லாரும் 'கௌரவனீயுலு', நம் மேடைத் தமிழின் மாண்புமிகு மாதிரி. நான் ஒரு தாளில் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதி, முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். சாராம்சம் இதுதான்: அவசரப்பட்டுத் தீர்மானம் போட வேண்டாம், இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். அக்கா குற்றமற்றவள் என்று சொல்லத் திட்டமே இல்லை. அதற்குத் தைரியம் வேண்டும். தள்ளிப் போடச் சொல்ல அவ்வளவு தைரியம் வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சந்திரகிரி தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். "போன்ல யாரோட அண்ணா இவ்வளவு மரியாதையா பேசுறீங்க? சம்பந்தி வீடா?"

என் காதில் போனே இல்லை என்பதை அவர் அப்புறம்தான் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் ரமணய்யா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே அவர் மனைவி கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் திறக்கவில்லை. அந்த அம்மா என்னிடம் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: "தண்ணி கொடுத்தாலும் நிக்க மாட்டேங்குது ஜான். நேத்துலேந்து என் புள்ள என்னப் பாத்து ஒரு வார்த்த பேசல."

எதையாவது வேடிக்கையாகச் சொல்லி ஆளைச் சிரிக்க வைப்பதுதான் என் வேலை. வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வேத வசனம் சொல்லலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் முதல் தடவையாக எனக்கு உறைத்தது. இது என் பயத்தைப் பற்றிய விஷயம் இல்லை. அங்கே ஒரு பிள்ளை கிடக்கிறது. இங்கே என் அக்கா ஜெயிலுக்குப் போகப் போகிறாள். நடுவில் நான் ஒருத்தன், மைக்கைப் பார்த்துப் பயந்துகொண்டு.

உறைத்தது, ஆனால் திருந்தினேனா? சனிக்கிழமை காலையில் தொண்டை கட்டட்டும் என்று ஐஸ் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். குரல் முன்னைவிடத் தெளிவாக வந்தது. அடுத்ததாக ஜெபம் பண்ணினேன். என்ன ஜெபம்? "ஆண்டவரே, மீட்டிங் நேரத்தில் கரண்ட் போகட்டும்." இருபது வருஷமாகக் கரண்ட் போகக்கூடாது என்று ஜெபித்த மைக் செட்டுக்காரன், அன்றைக்கு இப்படி.

கிளம்புகிறதுக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"துன்னியா அக்கா?"

"யாருக்குடா துன்ன மனசு வரும்? அந்தப் புள்ள எப்டிக் கீது?"

"அப்டியேதான் கீது."

 அக்கா சொன்னாள்: "டேய் ஜானு, நான் முட்டைய ஒண்ணொண்ணா தண்ணில போட்டுப் பாத்துதான் வேக வச்சேன். மெதந்த கெட்ட முட்டையெல்லாம் எடுத்து வெளிய போட்டேன். நீ மேட ஏறி எதாவது கிண்டல் பண்ணி வச்சிடாதடா. உன் கால்ல உழறேன்."

அந்த ஒரு வார்த்தை என்னை அடித்துப் போட்டது. என் அக்காவுக்கே என்மேல் அந்தப் பயம்தான் இருந்தது.

"ஜெபம் பண்ணுடா," என்றாள். அவள் எதிரில் மண்டியிட்டேன். எனக்குக் கோயில் ஜெபம் போல அழகாக வராது. அன்றைக்கு வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, இவ வேலைய நான் கெடுத்துடக் கூடாது. எனக்கு வாய் இல்ல. நான் தொறக்கிறேன், நீரே எதாவது வைங்க. தெலுங்குல வைங்க." கடைசி வரியைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. தெரியாத பாஷையைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துகிறோமே என்று.

பள்ளிக்கூட மைதானம் நிரம்பியிருந்தது. செட் என்னுடையதுதான். நான் மேடையில் இருக்க வேண்டியதால் பெட்டிக்குப் பக்கத்தில் சுகிர்தா உட்கார்ந்தாள். அதிகாரி அம்மா வந்தார். ஹெட்மாஸ்டர் வரவேற்றார். "இப்போது சேர்மன் பேசுவார்" என்றார்.

நான் எழுந்தேன். கரண்ட் போனது.

நம்புங்கள், அந்த நொடியே போனது. என் உள்ளத்தில் எழும்பிய ஸ்தோத்திரம் இன்னொரு அடி உயர்ந்திருந்தால் வாய் வழியாக வந்திருக்கும். ஆனால் நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் பின்னால் டுர்ர்ர் என்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். சுகிர்தா ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துவிட்டு, பெருமையாகக் கட்டைவிரலைக் காட்டினாள். "பேசு மாமா, லைன் வந்துடுச்சி!"

அவளுக்கு அந்தக் கயிற்றை இழுக்கச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

மைக் முன்னால் நின்றேன். தாளை எடுத்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. என் ஆலோசனைப்படியே கடைசி வரிசையைப் பார்த்தேன். அங்கே ரமணய்யாவின் மச்சான்கள் கை கட்டி நின்றார்கள். பக்கத்தில் ரமணய்யா. மகளை மனைவியிடம் விட்டுவிட்டு, இந்தத் தீர்மானத்துக்காகவே திருப்பதியிலிருந்து வந்திருந்தார். தூங்காத கண். இனிமேல் யாருக்கும் அந்த ஆலோசனை சொல்லமாட்டேன்.

"அந்தரிகி நமஸ்காரம்" என்றேன். எல்லாருக்கும் வணக்கம். அதுவரைக்கும் சரி.

அடுத்த வாக்கியம், "தீர்மானத்துக்கு அவசரம் இல்லை." தெலுங்கில் அவசரத்துக்கு 'தொந்தர' என்று ஒரு வார்த்தை உண்டு. எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து சொல்லுகிற வார்த்தை. தாளிலும் அதைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் அது தமிழ்த் தொந்தரவு மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது. யாருக்குத் தொந்தரவு, எதற்குத் தொந்தரவு என்று மூளை நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை. அது தன் பாட்டுக்குத் தமிழ் வார்த்தையைத் தெலுங்கு வாக்கியத்தில் போட்டுச் சொல்லிவிட்டது:

"ஈ தீர்மானம் அவசரம் லேது."

தெலுங்கு தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம், பரபரப்பு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நான் சொன்னது அங்கே இருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? "இந்தத் தீர்மானம் தேவையில்லை."

இரண்டு நாள் தவணை கேட்கப் போனவன், நான்கு ஹாரன் ஸ்பீக்கரில், ஊருக்கே கேட்கிற மாதிரி, தீர்மானமே வேண்டாம் என்று அறிவித்துவிட்டேன்.

 ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. அப்புறம் மைதானம் வெடித்தது. நாற்காலிகள் விழுந்தன.

"ஏமன்னாவ்ரா?" ரமணய்யா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னடா சொன்னே? "என் பிள்ள அங்க சாகக் கிடக்குது, தேவையில்லையா? உன் அக்கான்றதால தேவையில்லையா?"

"சேர்மனுக்கு இதுவும் தமாஷ்!" என்று ஒருத்தன் கத்தினான்.

"எறங்குரா கீழ!"

என் முட்டி ஆடியதை இரண்டாவது வரிசை வரைக்கும் பார்த்திருப்பார்கள். தப்பிக்க வழி இருந்தது. "வார்த்தை மாறிப் போச்சு, மன்னிச்சிடுங்க, தொந்தர என்றுதான் சொல்ல வந்தேன்" என்று சொன்னால் போதும். எல்லாரும் சிரித்திருப்பார்கள். மைக் ஜான் எப்பவும் இப்படித்தான் என்று விட்டிருப்பார்கள். அதைச் சொல்ல மைக்குக்குக் குனிந்தேன்.

அப்போது அக்காவைப் பார்த்தேன். சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில், யாரும் நிற்காத இடத்தில் தனியாக நின்றிருந்தாள். மூன்று நாளாகக் குனிந்தே இருந்த தலை நிமிர்ந்திருந்தது. என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். நான் வேண்டுமென்றேதான் சொன்னேன் என்று நினைத்துவிட்டாள். அவளுக்காக ஒருத்தன் வாயைத் திறந்துவிட்டான் என்று அந்த முகத்தில் இருந்தது.

நான் எப்படி அதைத் திரும்ப வாங்குவது?

அதிகாரி அம்மா கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். என் பக்கம் திரும்பினார். "எந்துகு அவசரம் லேது? செப்பண்டி." ஏன் தேவையில்லை? சொல்லுங்கள்.

அந்த இடத்தில்தான் எனக்கு ஜெபம் ஞாபகம் வந்தது. நான் தொறக்கிறேன், நீரே வைங்க, தெலுங்குல வைங்க. வைத்துவிட்டாரே. நான் தமிழில்தான் சொன்னேன், ஜனங்கள் தெலுங்கில் கேட்டார்கள். எனக்குத் துணிவு இல்லாத வாக்கியத்தை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, மீதியை நீ பார்த்துக்கொள் என்கிறார்.  பயம் போகவில்லை. அது பெரிய சாட்சி சொல்லுகிறவர்களுக்குப் போகும் போலிருக்கிறது. எனக்குப் பயம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றது, அவ்வளவுதான்.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த மார்க்கெட் தெலுங்கில் சொன்னேன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அன்னிக்கு நானும் சாப்பிட்டேன் அம்மா. ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன். என் பொண்ணும் சாப்பிட்டா. எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல."

"உன் வயிறு கல்லு!" என்று அதே குரல். சில பேர் சிரித்தார்கள்.

வழக்கமாக நான் அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொள்வேன். அன்றைக்குச் சேரவில்லை. சும்மா நின்றேன். சிரிப்பு தானாக அடங்கும் வரைக்கும் நின்றேன். ஒரு மேடையில் அவ்வளவு நேரம் பேசாமல் நிற்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

"என் வயிறு கல்லாவே இருக்கட்டும். இந்த மைதானத்துல பள்ளிக்கூடமே உக்காந்திருக்கு. எல்லாப் பிள்ளைங்களும் அதே குண்டான்லதான் சாப்பிட்டாங்க. ஏன் சில பேருக்கு மட்டும் வாந்தி? எனக்குத் தெரியல. யாருக்காவது தெரியுமா?"

 எனக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியாது. பேச்சு தீர்ந்துவிட்டது. ரமணய்யா மேடைக்குக் கீழே நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. கோபமா, அழுகையா தெரியவில்லை. எனக்கு அந்த வார்டு ஞாபகம் வந்தது. நேத்துலேந்து என் புள்ள ஒரு வார்த்த பேசல என்று அந்த அம்மா சொன்னது.

"ரமணய்யா அண்ணா, பாப்பா கண்ணு முழிச்சிதா?" என்று கேட்டேன். மைக்கில் கேட்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

அவர் எதிர்பார்க்கவில்லை. "காலைல முழிச்சிது," என்றார். 

"பாப்பாவ அடிகாரா?"

தெலுங்கில் அடுகு என்றால் கேள். பிள்ளையைக் கேட்டீர்களா என்று அர்த்தம். தமிழ்க்காரர்கள் பதற வேண்டாம்.

"என்ன கேக்கறது?"

"என்ன துன்னான்னு."

ரமணய்யா என்னையே பார்த்தார். மூன்று நாளாக எல்லாரும் எல்லாரையும் கேட்டிருந்தோம். ஹெட்மாஸ்டரைக் கேட்டோம், முட்டை கொண்டுவந்தவரைக் கேட்டோம், அக்காவைக் கேட்டுக் கேட்டு அழவைத்தோம். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

அவர் போனை எடுத்தார்.  மனைவி எடுத்தார். ரமணய்யா ஸ்பீக்கரில் போட்டார். நான் கீழே இறங்கி அந்தப் போனுக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்தேன். கூவாமல் எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம்.

"அம்மலு," என்று மகளைச் செல்லமாகக் கூப்பிட்டார். "அன்னிக்கு என்ன சாப்ட்டே கண்ணு?"

 அப்புறம் ஒரு மெல்லிய குரல் நான்கு ஹாரனிலும் வந்தது. "நைனா, அடிக்க மாட்டியே?"

"அடிக்க மாட்டேன்மா. சொல்லு."

"இன்டர்வல்ல வேலிகிட்ட காய் பொறுக்கி உடச்சி உள்ள இருந்த கொட்டைய சாப்ட்டோம். வேர்க்கடல மாதிரி இருந்துது. நான்தான் நிறைய சாப்ட்டேன். வேலிகிட்ட போவக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு, அதனால யாரும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கினோம்."

அதிகாரி அம்மா எழுந்து நின்றார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். வியாழக்கிழமை வாந்தி எடுத்த பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒரு பையன் அழ ஆரம்பித்தான். அவனோடு எல்லாரும் அழுதார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலியோரமாகக் காட்டாமணக்கு வரிசையாக நிற்கிறது. போய்ப் பார்த்தால் காய் பழுத்து வெடித்துக் கிடந்தது. கீழே உடைத்த ஓடுகள். அந்த விஷயம் போன் வழியாகத் திருப்பதி டாக்டருக்குப் போனது. அந்தக் கொட்டையால் இப்படி ஆகும் என்று அவர் சொன்னார்.

பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது, எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. "எறங்குரா" என்று கத்தினவன் என்னைப் பார்க்காமலே போனான். என் அக்காவிடம் அன்றைக்கு யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. ரமணய்யா மட்டும் கொட்டகை வரைக்கும் போனார். பேச வந்த மாதிரி நின்றார்.  "திருப்பதிக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னார். "போய்ப் பாருங்க, மொதல்ல புள்ளையப் பாருங்க" என்றாள் அக்கா.

நான் மேடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். கொட்டை ஒன்றும் தின்னவில்லை. பயம்தான், கணக்குத் தீர்க்க லேட்டாக வந்தது. சுகிர்தா முதுகைத் தடவிவிட்டாள். "நல்லாதான் பேசின மாமா," என்றாள். "நடுவுல வார்த்த மட்டும் மாறிப் போச்சி இல்ல?" அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் ஒருத்திக்குத்தான்.

அக்காவிடம் உண்மையை ஒரு மாசம் கழித்துச் சொன்னேன். தள்ளிப் போடத்தான் கேட்க வந்தேன், வாய் தவறிவிட்டது என்றேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும்டா," என்றாள். "நீ அவ்ளோ தைரியசாலி இல்லன்னு எனக்குத் தெரியாதா? அதான் அது நீ பேசினது இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிது."

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது நாளைக்கு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியிருக்கலாம். கோர்ட்டோ, ஆபீசோ, கல்யாணப் பேச்சோ, சொந்தக்காரர் பஞ்சாயத்தோ. உங்கள் முட்டி ஆடினால் ஆடட்டும். நல்ல வார்த்தை வந்த பிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்துக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கு எந்தப் பாஷை வருமோ அதில் அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து நில்லுங்கள். அவர் வைக்கிற வார்த்தை நீங்கள் எழுதிவைத்த தாளில் இருக்காமல் போகலாம். அப்போது அவசரப்பட்டு மன்னிப்பு கேட்டுவிடாதீர்கள்.

நான் பெரிய பேச்சாளன் ஆகிவிட்டேனா என்று கேட்டால், இல்லை. மறு மாசமே சேர்மன் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் மைக்கில் "ஒன் டூ த்ரீ"தான். இந்தச் சாட்சியையும் கோயிலில் நின்று சொல்லத்தான் கேட்டார்கள், எழுதித் தருகிறேன் என்று தப்பித்தேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். தீர்மானம் போடவில்லை. வேலியோரச் செடிகளை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை திருப்பதியிலிருந்து வீட்டுக்கு வந்தாள், அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அன்றைக்கு மத்தியானம் சோறும் சாம்பாரும். சமைத்தது என் அக்கா எலிசபெத்.